இரண்டு போஸ்ட்மார்ட்டம், ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர்: கொழும்பு சி.ஐ.டி. திரும்பத் திறந்த கொலை வழக்குகள்

1/
ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு விபத்து. பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, எங்கே நடந்தாலும் சரி. 108-ல் ஆள் வந்து இறங்கியதும் கேஷுவால்டி டூட்டி டாக்டருக்கு இரண்டு வேலை. முதல் வேலை உயிரைக் காப்பாத்தறது. அடுத்தது ஏ.ஆர். போடறது, அதாவது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிட்டு வந்தது, எப்படி நடந்ததுன்னு சொல்றாங்க, உடம்பில் எங்கே எத்தனை சென்டிமீட்டர் காயம், எல்லாம் அதில் இருக்கணும்.

2/
எழுதறதுக்கு ஐந்து நிமிஷம். ஆனா எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, போஸ்ட்மார்ட்டம், சார்ஜ் ஷீட், கோர்ட்டில் குறுக்கு விசாரணைன்னு அந்த வழக்கோட மொத்தப் பயணமும் இப்படிப்பட்ட முதல் காகிதங்களில் இருந்துதான் கிளம்பும்.

அந்த முதல் காகிதமே தப்பா இருந்தா? பல வருஷம் கழிச்சு ஒரு போலீஸ் அதிகாரி அதை எடுத்துத் திரும்பப் படிச்சா? அவர் படிக்கவே கூடாதுன்னு மேலே இருக்கறவங்க நினைச்சா?

நீளமான இழை. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

3/
கிடப்பில் போன கொலை வழக்குன்னா நம்ம ஊர்ல உடனே ஞாபகம் வர்றது திருச்சி ராமஜெயம் வழக்கு. 2012 மார்ச் 29-ல் நடந்த கொலை. உள்ளூர் போலீஸ், சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ., அப்புறம் 2022-ல் சிறப்புப் புலனாய்வுக் குழுன்னு கை மாறிக்கிட்டே வந்தது.

ஆனா இன்னைக்கு நான் எழுதப்போறது கொழும்பில் நடந்ததைப் பத்தி. ஏன்னா அங்கே வழக்கைத் திரும்பத் திறந்த சாவி மருத்துவத்தில் இருந்தது. மண்ணுக்குள்ளே இருந்த எலும்புகளில் இருந்தது.

4/
2009 ஜனவரி. வன்னியில் போர் உச்சம். ஜனவரி 2-ம் தேதி கிளிநொச்சி ராணுவத்தின் கையில் போயிருந்தது. தெற்கே சிங்களப் பகுதிகளில் வெற்றிக் கொண்டாட்டம்.

அடுத்த ஆறாவது நாள், ஜனவரி 8 காலை. 'சண்டே லீடர்' பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க தானே கார் ஓட்டிக்கொண்டு அலுவலகம் போகிறார். மோட்டார் சைக்கிளில் ஆட்கள் பின்தொடர்கிறார்கள். ரத்மலானை விமானப்படைத் தளத்துக்குப் பக்கம், அத்திடிய என்ற இடத்தில், நல்ல வெளிச்சத்தில், ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் காரை மறித்துத் தாக்குகிறார்கள்.

5/
களுபோவில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. தலையில் காயம். டாக்டர்கள் ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. அன்று மதியமே இறந்தார்.

மூன்று நாள் கழித்து, தான் கொல்லப்பட்டால் வெளியிடச் சொல்லி அவர் எழுதியதாக ஒரு தலையங்கம் அதே பத்திரிகையில் வந்தது. உலகம் முழுக்க மறுபிரசுரம் ஆச்சு. பலருக்கு லசந்த பேர் தெரிஞ்சதே அப்போதான்.

6/
அவர் யாரைப் பகைச்சுக்கிட்டார்? உக்ரைனில் இருந்து மிக்-27 போர் விமானங்கள் வாங்கினதில் ஊழல்னு அவர் பத்திரிகை தொடர்ந்து எழுதியது. அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ச. அவர் பத்திரிகை மேல் மான நஷ்ட வழக்கு போட்டிருந்தார். அந்த வழக்கு நடந்துக்கிட்டு இருந்தப்போதான் இந்தக் கொலை.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். கொலையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லைன்னு கோட்டாபய எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார். இந்தக் கொலைக்காக எந்தக் கோர்ட்டும் இதுவரை யாருக்கும் தண்டனை கொடுக்கவில்லை.

7/
இப்போ மருத்துவம்.

ஆஸ்பத்திரி தரப்பு சொன்னது துப்பாக்கிச் சூடு. முதல் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் துப்பாக்கிக் காயம்னே போச்சு. ஊரும் அதைத்தான் நம்பியது. "சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர்" என்றுதான் இன்னைக்கும் பல இடங்களில் எழுதறாங்க.

ஆனா குண்டு கிடைக்கலை.

8/
நான் இங்கே அந்த டாக்டர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏத்த வரலை. மூளையில் ரத்தம் கசிஞ்சுக்கிட்டு ஒருத்தர் வர்றார். கூட வந்தவங்க "சுட்டுட்டாங்க"ன்னு கத்தறாங்க. தலையில் ஓட்டை. சர்ஜன் பார்க்கறது எங்கே ரத்தம் கசியுது, எப்படி நிறுத்தறதுன்னுதான். காயத்துக்குப் பேர் வைக்கறது அந்த நேரத்தில் அவர் கவலையே இல்லை.

ஆனா போஸ்ட்மார்ட்டம் டேபிளில் அப்படி இல்லை. அங்கே அவசரம் கிடையாது. காயத்துக்குச் சரியான பேர் வைக்கறதுதான் அங்கே வேலையே.

9/
குண்டு மண்டை ஓட்டில் நுழைஞ்சா ஓட்டை எப்படி இருக்கும்? மண்டை எலும்பு இரண்டு தகடு, நடுவில் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு. குண்டு உள்ளே போகும்போது வெளித்தகட்டில் ஓட்டை சின்னதா, உள்தகட்டில் அகலமா இருக்கும். புனலைக் கவிழ்த்த மாதிரி. கண்ணாடி ஜன்னலில் கோலிக்குண்டு பட்டா எதிர்ப்பக்கம் அகலமா பேர்த்துக்கிட்டுப் போகுமே, அதே கணக்கு. வெளியேறும் இடத்தில் இது தலைகீழ்.

குண்டு வெளியே போகலைன்னா உள்ளே இருக்கணும். உடைஞ்சு சிதறினாக்கூட எக்ஸ்ரேயில் ஈயத் துணுக்குகள் மின்னும். கிட்டத்தில் வெச்சுச் சுட்டா தோலில் கரியும் வெடிமருந்துப் பொட்டும் படியும்.

10/
கூரான கருவியால் ஓங்கிக் குத்தினா? எலும்பு அந்தக் கருவியோட வடிவத்துக்கே உள்ளே அமுங்கும். சுத்தியலா, கம்பியா, கோடரியான்னு பல நேரம் எலும்பே சொல்லும். மாணவர்களுக்கு இதை "கருவி விட்டுட்டுப் போன கையெழுத்து"ன்னு சொல்லிக் கொடுப்பாங்க.

தோல் அழுகும். மூளை கரையும். எலும்பு இருக்கும். ஒரு சரியான ஃபாரன்சிக் டாக்டருக்குப் பத்து வருஷம் கழிச்சும் அதில் படிக்க விஷயம் இருக்கும்.

11/
அதுவரைக்கும் வழக்கு என்ன ஆச்சு? பல கை மாறியது. 2010-ல் தீவிரவாதத் தடுப்புப் பிரிவு நுவரெலியாவைச் சேர்ந்த ஒரு தமிழரைக் கைது செய்தது. மலையகத்துச் சாதாரண மெக்கானிக். கொலை நடந்த அன்று பயன்பட்ட செல்போன் சிம்கள் அவருடைய அடையாள அட்டையைக் காட்டி வாங்கியவை. ராணுவப் புலனாய்வைச் சேர்ந்த ஒருவரும் கைதானார்.

12/
அந்த மெக்கானிக் லசந்தவைப் பார்த்தது கூட இல்லை. அவர் செய்த ஒரே தப்பு, அவர் அடையாள அட்டை வேறு யார் கைக்கோ போனது. விசாரணை முடியலை, ஜாமீன் இல்லை. 2011 அக்டோபரில் காவலிலேயே இறந்துபோனார்.

பெரிய பத்திரிகையாளரின் கொலையைப் பத்திப் படிக்கிற யாரும் இவரை நினைக்கறது இல்லை. என் கணக்கில் இந்த வழக்கில் செத்தவங்க இரண்டு பேர். முதலாமவர் கொலையில். அடுத்தவர் வழக்கை முடிச்சுக் காட்டும் அவசரத்தில்.

13/
2015 ஜனவரி 8. லசந்த இறந்து சரியா ஆறு வருஷம். அதே தேதியில் நடந்த தேர்தலில் மகிந்த ராஜபக்ச தோற்றார், மைத்திரிபால சிறிசேன அதிபரானார். பழைய கோப்புகள் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு, அதாவது சி.ஐ.டி.க்கு வந்தன.

அங்கே இரண்டு பேர். சின்ன ரேங்கில் இருந்து படிப்படியா மேலே வந்த ஷானி அபேசேகர. அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர் நிஷாந்த சில்வா. லசந்த கோப்பு சில்வா மேஜைக்கு வந்தது.

14/
ஷானி அபேசேகர யார்னு புரிய ஒரு பழைய வழக்கு. 2013-ல் பம்பலப்பிட்டியைச் சேர்ந்த முகமது ஷியாம் என்ற வியாபாரி கடத்திக் கொல்லப்பட்டார். சி.ஐ.டி. விசாரிச்சுப் பிடிச்சது யாரை? வாஸ் குணவர்தன என்ற டி.ஐ.ஜி.யை. பதவியில் இருந்த போலீஸ் உயர் அதிகாரி. 2015 நவம்பரில் அவருக்கும் அவர் மகனுக்கும் இன்னும் நாலு பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வரும்.

15/
லசந்த உடலைத் தோண்டறதுக்கு முன்னாடி இன்னொரு உடலைத் தோண்டினாங்க.

வசீம் தாஜுதீன். ஹேவ்லாக் கிளப்பின் ரக்பி கேப்டன், இலங்கை அணிக்கும் ஆடியவர். 2012 மே 17 அதிகாலை, நாரஹேன்பிட்டியில் ஷாலிகா மைதானச் சுவரில் அவர் கார் மோதி எரிஞ்சு கிடந்தது. உள்ளே கருகிய உடல். வேகமா ஓட்டினார், மோதினார், தீப்பிடிச்சதுன்னு போலீஸ் விபத்தா முடிச்சது.

16/
எரிஞ்ச உடல்னா எங்க ஆட்கள் கேட்கற முதல் கேள்வி: தீப்பிடிக்கும்போது உயிர் இருந்ததா?

உயிர் இருந்தா மூச்சு இருக்கும். மூச்சு இருந்தா மூச்சுக்குழாய்க்குள்ளே கரி படிஞ்சிருக்கும். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். செத்த பிறகு எரிச்சா இரண்டும் இருக்காது.

அடுத்து எலும்பு. நெருப்புச் சூட்டில் எலும்பு தானாகவே வெடிக்கும். அந்த வெடிப்பு ஒரு மாதிரி. உயிரோட இருக்கும்போது அடிச்சு முறிச்சது வேற மாதிரி. பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச கண் வேணும்.

17/
2015 ஆகஸ்ட் 10, தெஹிவளை முஸ்லிம் மையவாடி. மூணு வருஷம் கழிச்சு தாஜுதீன் உடலைக் கோர்ட் உத்தரவோட வெளியே எடுத்தாங்க. புது மருத்துவக் குழு பார்த்தது. கால் எலும்பு முறிவு, மார்பில் காயம், கழுத்தில் காயம். கார் மோதினதால் வந்தது இல்லை, சாவுக்கு முன்னாடி தாக்கினதுன்னு அறிக்கை சொன்னது.

இன்னொண்ணும் சொன்னாங்க. உடலில் சில எலும்புப் பகுதிகளே இல்லை. முதல் போஸ்ட்மார்ட்டம் செஞ்ச மருத்துவர் விசாரணைக்கு ஆளானார்.

18/
2016 பிப்ரவரியில் கொழும்பு மாஜிஸ்திரேட் "இது கொலை"ன்னு அறிவிச்சார். அந்த ஸ்டேஷனின் குற்றப்பிரிவு அதிகாரியாக இருந்தவரும், ஒரு முன்னாள் சீனியர் டி.ஐ.ஜி.யும் சாட்சியத்தை மறைச்சதா குற்றம் சாட்டப்பட்டுக் கைதானாங்க. அப்போதைய அதிபர் குடும்பத்தைச் சுத்தியும் சந்தேகம் கிளம்பியது. அந்தக் குடும்பம் அதை மறுத்தது.

கொலை செஞ்சது யார்னு இன்னும் எந்தக் கோர்ட்டும் தீர்ப்பு சொல்லலை. ஆனா "விபத்து" என்ற சொல் மட்டும் மூணே முக்கால் வருஷம் கழிச்சு அடிபட்டுப்போச்சு. அந்தச் சொல் போகாம வேற எதுவும் ஆரம்பிச்சிருக்க முடியாது.

19/
இப்போ லசந்த. நிஷாந்த சில்வா கோப்பைப் படிக்கிறார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் போஸ்ட்மார்ட்டமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகலை. துப்பாக்கின்னு சொல்றாங்க, குண்டு இல்லை. கோர்ட்டில் அனுமதி வாங்கறாங்க.

2016 செப்டம்பர் 27. பொரளை கனத்தை மயானம். இறந்து ஏழரை வருஷம் கழிச்சு லசந்தவின் உடல் வெளியே வந்தது. இரண்டாவது போஸ்ட்மார்ட்டத்தின் முடிவு: துப்பாக்கிக் காயம் இல்லை. கூரான கருவி மண்டை ஓட்டைத் துளைச்சிருக்கு.

20/
"செத்தது செத்ததுதானே, சுட்டா என்ன, குத்தினா என்ன"ன்னு கேட்கலாம். போலீஸ்காரரைக் கேளுங்க, வித்தியாசம் சொல்வார்.

துப்பாக்கின்னா தேட வேண்டியது குண்டு, தோட்டா உறை, துப்பாக்கி யாருடையது. ஏழு வருஷம் அதைத் தேடினா ஏழு வருஷமும் எதுவும் கிடைக்காது. ஏன்னா அப்படி ஒண்ணு இல்லவே இல்லை. பட்டப்பகலில், சத்தமில்லாம, ஓடற காரை மடக்கி, கையில் கருவியோட கிட்டே போய்ச் செஞ்ச வேலைன்னா அது பயிற்சி பெற்ற கூட்டம். தேட வேண்டிய இடமே மாறிடும்.

21/
சில்வாவின் குழு செல்போன் பதிவுகளைப் பிடிச்சுக்கிட்டுப் போனது. 2008 மே மாசம் கீத் நொயார் என்ற பத்திரிகையாளர் கடத்திச் சித்திரவதை செய்யப்பட்டது, 2009 ஜனவரி 23-ல் உபாலி தென்னகோன் என்ற ஆசிரியர் தாக்கப்பட்டது, லசந்த கொலை, இந்த மூணுக்கும் ராணுவப் புலனாய்வின் ஒரே ரகசியக் குழுவோட தொடர்பு இருக்குன்னு சி.ஐ.டி. கோர்ட்டில் சொன்னது.

லசந்தவின் முன்னாள் டிரைவர் 2016 ஜூலையில் அடையாள அணிவகுப்பில் ஒரு ராணுவப் புலனாய்வு ஆளைக் காட்டினார். "என் முதலாளியைக் கொன்னது யார்னு தெரியும்"னு வெளியே பேசினதுக்காகத் தன்னைக் கடத்தி மிரட்டினது இவர்தான்னு சொன்னார்.

22/
ஒரு நோட்டும் உண்டு. தன்னைப் பின்தொடர்ந்த வண்டிகளின் நம்பரை லசந்த ஒரு நோட்டில் எழுதி வெச்சிருந்தார்னும், அந்த நோட்டை போலீஸே காணாமல் போகச் செஞ்சதுன்னும் சி.ஐ.டி. குற்றம் சாட்டியது. 2018 பிப்ரவரியில் ஓய்வுபெற்ற டி.ஐ.ஜி. ஒருவர் இதற்காகக் கைதானார்.

சாகப்போற நேரத்தில் ஒரு மனுஷன் நம்பரைக் குறிச்சு வெச்சார். அவருக்கும் காகிதத்தின் மேலேதான் நம்பிக்கை இருந்திருக்கு.

23/
இங்கேதான் அரசியல் அழுத்தம் வருது. சினிமாவில் காட்டற மாதிரி அமைச்சர் போன் பண்ணி மிரட்டுவார்னு நினைக்காதீங்க.

2016 அக்டோபர். லசந்த உடலைத் தோண்டி எடுத்துச் சில வாரம்தான் ஆகுது. சி.ஐ.டி. அரசியல் நோக்கத்தோட நடக்குதுன்னும், ராணுவப் புலனாய்வு ஆட்களைச் சிறையில் வெச்சிருக்குன்னும் அதிபர் சிறிசேனவே மேடையில் பேசினார். நீதி வாங்கித் தருவோம்னு சொல்லி ஜெயிச்சவர் அவர்.

அதே அக்டோபரில் ஓய்வுபெற்ற ராணுவப் புலனாய்வு ஆள் ஒருவர் தூக்கில் தொங்கிக் கிடந்தார். பக்கத்தில் கடிதம்: லசந்தவைக் கொன்றது நான்தான், கைதானவரை விட்டுவிடுங்கள். வழக்கை முடிக்க இதைவிட வசதியான காகிதம் கிடைக்காது. சி.ஐ.டி. அதோட முடிச்சுக்கலை.

24/
2018 அக்டோபர் 26. சிறிசேன திடீர்னு மகிந்தவைப் பிரதமர் ஆக்கினார். அடுத்த மாசமே நிஷாந்த சில்வாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர், நீர்கொழும்புக்கு.

அப்போ அவர் கையில் இன்னொரு வழக்கும் இருந்தது. 2008-09-ல் கொழும்புப் பக்கம் பணத்துக்காகக் கடத்தப்பட்டுக் காணாமல் போன 11 பேர். பெரும்பாலும் தமிழர்கள், அதில் கல்லூரிக்குப் போற வயசுப் பசங்களும் உண்டு. திருகோணமலை கடற்படைத் தளத்தில் அடைச்சு வெச்சிருந்தாங்கன்னு விசாரணையில் தெரிஞ்சது. முக்கியச் சந்தேக நபருக்கு அடைக்கலம் கொடுத்ததா நாட்டின் முப்படைகளின் தலைமை அதிகாரியையே சில்வா விசாரிச்சுக்கிட்டு இருந்தார்.

எதிர்ப்பு பலமா கிளம்பவே டிரான்ஸ்ஃபர் ரத்தாச்சு. அது அந்தத் தடவை.

25/
அரசு வேலையில் இருக்கற யாருக்கும் டிரான்ஸ்ஃபர் ஆர்டர்னா என்னன்னு விளக்க வேண்டாம். அதில் திட்டு இருக்காது, மிரட்டல் இருக்காது. "நிர்வாகக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி இருக்கும். கோர்ட்டில் காட்டினா அதில் தப்பே கண்டுபிடிக்க முடியாது.

கோப்பை எரிக்க வேண்டியதில்லை. பத்து வருஷமா அந்தக் கோப்பை மனப்பாடமா வெச்சிருக்கற ஆளை வேற ஊருக்கு அனுப்பினா போதும். புதுசா வர்றவர் முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பிப்பார். முதல் பக்கத்தில்தான் "துப்பாக்கிச் சூடு"ன்னு எழுதியிருக்கே.

26/
2019 நவம்பர் 16 தேர்தல். கோட்டாபய ராஜபக்ச அதிபர். பதவியேற்ற சில நாளிலேயே சி.ஐ.டி. இயக்குநர் ஷானி அபேசேகரவைக் காலிக்கு மாத்தினாங்க, ஒரு டி.ஐ.ஜி.யின் தனி உதவியாளரா. நாட்டின் முதன்மைத் துப்பறிவாளருக்கு ஃபைல் தூக்கற வேலை.

நவம்பர் 24. நிஷாந்த சில்வா குடும்பத்தோட சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பிட்டார். அடுத்து, சி.ஐ.டி.யில் வேலை பார்த்த 700-க்கும் மேற்பட்டவங்க நாட்டை விட்டுப் போகாம இருக்க ஏர்போர்ட்டுக்கே பட்டியல் போனது.

27/
2020 ஜூலை 31. ஷானி அபேசேகர கைது. என்ன குற்றம்? ஷியாம் கொலை வழக்கில் பொய்ச் சாட்சியம் உருவாக்கினாராம். கிளப்பினது யார்? அந்த வழக்கில் மரண தண்டனை வாங்கிய வாஸ் குணவர்தன தரப்பு. ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அதே பேர்.

சிறையில் அவருக்குக் கொரோனா வந்தது. ஏற்கனவே இதய நோய் இருந்தவர். 2021 ஜூனில்தான் ஜாமீன் கிடைச்சது. கிட்டத்தட்ட பதினொரு மாசம்.

28/
லசந்தவின் மகள் அஹிம்சா விடலை. 2019-ல் கலிஃபோர்னியாவில் கோட்டாபய மேல் சிவில் வழக்கு போட்டார். பதவிப் பாதுகாப்பைக் காட்டி அது நிக்கலை. 2022 மே மாசம் தி ஹேக் நகரில் பத்திரிகையாளர் கொலைகளுக்கான மக்கள் தீர்ப்பாயம் கூடியது. நிஷாந்த சில்வா அங்கே வந்து தான் விசாரித்ததைச் சொன்னார். அந்தத் தீர்ப்பாயத்துக்குச் சட்டப்படி தண்டிக்கற அதிகாரம் இல்லை. ஆனா தன் நாட்டில் எந்தக் கோர்ட்டிலும் முடிக்கவிடாத வேலையை, வேற நாட்டில் ஒரு இன்ஸ்பெக்டர் பதிவிலாவது ஏத்தி வெச்சார்.

29/
2024-ல் ஆட்சி மாறியது. ஷானி அபேசேகரவைத் திரும்பக் கூப்பிட்டாங்க, 2025-ல் மறுபடி சி.ஐ.டி. இயக்குநர் ஆனார். அதே 2025 ஜனவரியில்தான் லசந்த வழக்கோட தொடர்புடைய மூணு சந்தேக நபர்களை விடுவிக்கலாம்னு சட்ட மா அதிபர் அலுவலகம் எழுதியது. அஹிம்சா கடுமையா எதிர்த்தார், பத்திரிகையாளர்கள் எதிர்த்தாங்க. அந்த முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

நல்ல ஆட்சி, கெட்ட ஆட்சின்னு சுலபமா பிரிச்சுட முடியாதுன்னு இதுல இருந்து புரியுது. நாலு ஆட்சியில் நாலு விதமா இந்தக் கோப்பு திறந்து மூடியிருக்கு.

30/
தமிழ் வாசகர்களுக்கு ஒரு கேள்வி வரும், வரணும். லசந்தவுக்கு இவ்வளவாவது நடந்தது. 2000 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் வீட்டிலேயே கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜன்? 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட தராகி சிவராம்? அவர்களுக்காக யாருக்கும் தண்டனை இல்லை. அவங்களுக்கு ஒரு நிஷாந்த சில்வா கிடைக்கலை.

எந்தக் கோப்பைத் திரும்பத் திறக்கறாங்க என்பதே ஒரு அரசியல்தான்.

31/
"இவ்வளவு பாடுபட்டு என்ன பிரயோஜனம், கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லையே"ன்னு தோணலாம். பக்கத்தில் கேரளாவைப் பாருங்க. 1992 மார்ச் 27, கோட்டயம் கான்வென்ட் கிணற்றில் சிஸ்டர் அபயா உடல். தற்கொலைன்னு முடிச்சாங்க. சி.பி.ஐ. அதிகாரி வர்கீஸ் பி. தாமஸ் இது கொலைன்னார். தற்கொலைன்னு எழுதச் சொல்லி மேலதிகாரி அழுத்தம் கொடுத்ததா பகிரங்கமா சொல்லிட்டு, பல வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கும்போதே வேலையை விட்டார்.

அதுக்கப்புறம் சி.பி.ஐ.யே வழக்கை மூடக் கேட்டு மனு போட, கோர்ட் திரும்பத் திரும்ப மறுத்தது. 2020 டிசம்பர் 23-ல் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை. 2022-ல் ஹைகோர்ட் அந்தத் தண்டனையை நிறுத்தி வெச்சு ஜாமீன் கொடுத்தது. ஆனா இருபத்தெட்டு வருஷம் கழிச்சு விசாரணைக் கோர்ட் "கொலை"ன்னு எழுதியது. அந்த மனுஷன் 1993-ல் "தற்கொலை"ன்னு கையெழுத்துப் போட்டிருந்தா அது நடந்திருக்காது.

32/
எம்.பி.பி.எஸ். ஃபாரன்சிக் வைவாவில் தவறாம கேட்கற கேள்வி: "புதைச்ச உடலைத் தோண்டி எடுக்க இந்தியாவில் கால வரம்பு எத்தனை வருஷம்?" பதில்: வரம்பே இல்லை. மாஜிஸ்திரேட் உத்தரவு இருந்தா எப்போ வேணா எடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176(3), இப்போ பி.என்.எஸ்.எஸ்.ஸில் 196-ம் பிரிவு. நடைமுறையில் பெரும்பாலும் தாசில்தார் முன்னிலையில், டாக்டர் இருக்க நடக்கும்.

படிக்கும்போது இரண்டு மார்க் கேள்வி. அத்திடியவில் இறந்த மனுஷனைப் பத்திப் படிச்சப்போதான் அந்தப் பதிலோட கனம் எனக்குப் புரிஞ்சது. ஆனா எரிச்ச உடலுக்கு இது கிடையாது. சந்தேகம் இருக்குன்னா தகனத்துக்கு முன்னாடியே சொல்லணும்.

33/
சாத்தான்குளம் ஞாபகம் இருக்கா? 2020 ஜூன். ஜெயராஜும் பென்னிக்ஸும் ரிமாண்டுக்குப் போறதுக்கு முன்னாடி கொடுத்த மருத்துவச் சான்று பெரிய கேள்வியாச்சு. அந்த வழக்கு நின்னதுக்குக் காரணம், ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னது. அவர் சொன்னது உடனே எழுத்தில் பதிவாச்சு. அதனாலதான் பின்னாடி அழிக்க முடியலை.

34/
அதனால பொதுமக்களுக்குச் சில விஷயம்.

அடிபட்டு ஜி.எச். போனா ஏ.ஆர். போட்டாங்களான்னு கேளுங்க, நம்பரைக் குறிச்சுக்கோங்க. எப்படி அடிபட்டதுன்னு உண்மையைச் சொல்லுங்க. "வண்டியில் இருந்து விழுந்துட்டார்னு சொல்லிடுங்க"ன்னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. அடிச்சாங்கன்னா அடிச்சாங்கன்னே சொல்லுங்க, எழுதச் சொல்லுங்க.

சந்தேக மரணம்னா இன்குவெஸ்ட் நேரத்திலேயே சந்தேகத்தை எழுத்தில் கொடுங்க. போஸ்ட்மார்ட்டம் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்க. காவல் மரணம்னா போஸ்ட்மார்ட்டத்தை வீடியோ எடுக்கணும், குடும்பத்தார் உடலைப் பார்க்க விடணும்னு மதுரைக் கிளை சொல்லியிருக்கு.

35/
என் சக டாக்டர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. காரணம் தெரியலைன்னா "தெரியலை"ன்னு எழுதலாம். அதில் அவமானம் இல்லை. காயத்தை அளந்து எழுதிட்டு, எப்படி வந்ததுங்கறதை யூகமா எழுதாம விடலாம். போன் வந்தாலும், ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்து நின்னாலும், கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதினா போதும். வீரம் எதுவும் வேண்டாம்.

ஏன்னா என்னைக்கோ ஒரு நாள், எந்த ஆட்சியிலோ, நமக்கு முகமே தெரியாத ஒரு இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தைத் திறப்பார். அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வர்றதுக்குள்ளே படிச்சு முடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் சரியா இருந்தா, அவர் ஏழு வருஷம் இல்லாத குண்டைத் தேட வேண்டியிருக்காது.